பேர் சொன்ன மருந்து

...அதெப்படி, கட்டி இருப்பது தலைக்குள்ளே, மருந்து போவது தொடை வழியாகவா, சௌந்திரத்துக்கு இன்னும் பிடிபடவில்லை, மெட்ராஸ் டாக்டர் படம் போட்டுத்தான் காட்டினார், தொடையில் ரத்தக்குழாய்க்குள் மெல்லிய ட்யூபை விட்டு, வயிறு நெஞ்செல்லாம் தாண்டிக் கழுத்துக்கு ஏற்றி, அங்கிருந்து நேராகக் கட்டிக்கே மருந்தாம், கையில் போட்டால் உடம்பெல்லாம் சுற்றி வீணாகிவிடுமாம், சரி, ஆனால் போகிற வழியில் கண்ணுக்கும் ஒரு கிளை பிரிகிறதாமே, முதல் ஊசிக்கே புருஷன் சின்னுசாமிக்கு இடது கண் செக்கச்செவேலென்று ஆகிவிட்டது, இரண்டாவதற்குப் பார்வையே போனாலும் போகலாம், பேச்சு திரும்பினால் மருந்து கேட்கிறது என்று அர்த்தம், கூட்டிக்கொண்டு வாருங்கள், இல்லாவிட்டால் அலைய வேண்டாம் என்று டாக்டர் ஒளிக்காமல் சொல்லிவிட்டார்... மெட்ராஸ் போகப் புதுச்சத்திரத்தில் சேலம் பஸ்ஸுக்காக நிற்கிறார்களே தவிர, ஏறுவதா வேண்டாமா என்று இந்த நிமிஷம் வரை அவளுக்குத் தெரியவில்லை, ஏனென்றால் இத்தனை நாள் 'ம்' என்பதைத் தவிர வாய் திறக்காத மனுஷன் சற்றுமுன் தெளிவாகச் சொன்னார்.

"சௌந்திரம், தண்ணி."

டாக்டர் கேட்டால் துள்ளிக் குதிப்பார், ஆனால் அவருக்கு என்ன தெரியும், கல்யாணமான நாளிலிருந்து இந்த மனுஷன் அவள் பேரைச் சொன்னதே இல்லை, 'இந்தா புள்ள' தான், கோபம் வந்தால் 'ஏய்', எண்பத்திரண்டில் ரேஷன் கார்டு எழுத வந்தவர் சம்சாரத்தின் பேர் கேட்டதற்குக்கூட, "அதையவே கேட்டுக்குங்க" என்று தோட்டத்துப் பக்கம் நழுவியவர்... அப்படிப்பட்டவர் ரோட்டில் நாலு பேர் நடுவே பேர் சொன்னால் அது குணமா, இல்லை கட்டி இன்னும் முற்றிவிட்டதா, கூச்சத்தைத் தின்றுவிட்டு நினைவை மட்டும் விட்டுவைக்குமா அந்தக் கட்டி, யாரிடம் போய் இதைக் கேட்பது?

"நான் ஆருங்க?"

"சௌந்திரம்." சிரிக்க வேறு செய்தார்.

பஸ் வந்து நின்றது. "ஏனுங்கம்மா, ஏறுறீங்களா இல்லீங்களா?" என்று கண்டக்டர் விசிலை வாயில் வைத்தார்.

"ஏறறமுங்க" என்று அவள் வாய்தான் சொன்னது. ஜன்னலோரம் அவரை உட்கார வைத்தாள், கண்ணைக் கொடுத்து எதை வாங்கப் போகிறோம், முழுசாகத் தெளிந்துவிட்டால் மறுபடி 'இந்தா புள்ள' தானே, அதுதானே வேண்டும், அதற்குத்தானே சாமியெல்லாம் கும்பிட்டது... பஸ் கிளம்பிய சத்தத்தில் அவர் மறுபடி, சௌந்திரம், என்றார். அவளுக்கு நன்றாகவே கேட்டது.

"என்னங்க, காதுல உளுகலீங்க" என்றாள்.