வூவும் தூவும்

பிரெஞ்சில் ‘நீ’ என்பதற்குத் ‘தூ’ என்று சொல்ல வேண்டும். கல்லூரி மாலை வகுப்பில் அந்தப் பாடம் வந்த அன்று பின் பெஞ்சுக்காரர்களுக்குக் கொண்டாட்டம்தான். ஒருவன் பக்கத்திலிருப்பவனைப் பார்த்துத் ‘தூ’ என்பான். அவன் முகத்தைத் துடைத்துக்கொண்டு திருப்பித் ‘தூ’ என்பான். அது சரியான உச்சரிப்பே இல்லை என்று மேடம் தலையில் அடித்துக்கொண்டார். உதட்டை ‘ஊ’ சொல்வதற்குக் குவித்து, உள்ளே நாக்கை ‘ஈ’ சொல்வதற்கு வைக்க வேண்டுமாம். முயன்று பார்த்தவர்களின் முகம் கசப்பு மருந்து குடித்த மாதிரி கோணியதே தவிர, வெளியே வந்தது என்னவோ பழைய ‘தூ’தான்.

முதல் பெஞ்சில் ஒருத்தி மட்டும் சிரிக்கவில்லை. அந்த வகுப்பில் அவள்தான் மூத்தவள், மேடத்தைவிடவும் மூத்தவள். பகலெல்லாம் மூக்குக்கண்ணாடிக் கடையில் கண் பரிசோதிக்கும் வேலை. அதனால் வகுப்பில் எல்லோருக்கும் அவள் கண்ணாடி அக்கா. மற்றவர்கள் மதிப்பெண்ணுக்காகப் பிரெஞ்சு படித்தார்கள். அவள் ஒரு குழந்தைக்காகப் படித்தாள்.

அவளுடைய உடன்பிறந்த அக்கா கல்யாண வயதைத் தாண்டிய பிறகு பிரெஞ்சு பேசும் நாட்டில் வாழ்க்கைப்பட்டுப் போனவள். கைக்குழந்தையோடு விட்டுவிட்டுப் புருஷன்காரன் போய்விட்டான். போன வருஷம் நோய் வந்து அவளும் போய்விட்டாள். ஏழு வயதுப் பெண் குழந்தையை அந்த நாட்டு அரசாங்கம் ஒரு வளர்ப்புக் குடும்பத்தில் விட்டிருந்தது. இரண்டு மொழி பேசினால் குழந்தை குழம்பிப் போகும் என்று பள்ளிக்கூடத்தில் யாரோ சொன்னதை நம்பி, தாய்க்காரி அதனிடம் ஒரு நாளும் தமிழ் பேசவில்லை. ஆகவே ‘சித்தி’ என்று ஒரு சொல் உலகத்தில் இருப்பதே அந்தக் குழந்தைக்குத் தெரியாது.

குழந்தையைத் தன்னிடம் தரும்படி சித்திக்காரி எழுதிக் கேட்டாள். குழந்தைகள் நல அதிகாரி ஒரு பெண்மணி. போனில் மொழிபெயர்ப்பாளர் வழியாக நல்ல மாதிரியாகத்தான் பேசினார். மொழிபெயர்ப்பாளரை உங்கள் வீட்டுச் சாப்பாட்டு மேசையில் உட்கார வைக்க முடியாதே என்றார். முதலில் நடுநிலை வரைக்கும் பிரெஞ்சு படியுங்கள், வீடியோவில் குழந்தையோடு பேசிப் பழகுங்கள், பிறகு உங்களிடம் வர இஷ்டமா என்று அவளையே கேட்கிறேன், அவள் சொல்வதை அப்படியே கோர்ட்டில் சொல்வேன் என்றார். குழந்தை ‘சரி’ என்றால் சரி. மாட்டேன் என்றால் அதோடு முடிந்தது.

அன்றிலிருந்து அவளுக்கு வேறு நினைப்பே இல்லை. இருட்டு அறையில் வாடிக்கையாளரை உட்கார வைத்து, லென்ஸை மாற்றி மாற்றிப் போட்டு, “இது தெளிவா இருக்கா, முன்னாடி போட்டதா?” என்று கேட்பாள். அவர் யோசிக்கிற இடைவெளியில் ஒரு வினைச்சொல்லை எல்லாக் காலத்திலும் மனதுக்குள் ஓட்டிவிடுவாள். வீட்டுக்காரர் வெல்டிங் பட்டறை வைத்திருந்தார். மகள் வெளியூரில் வேலை கிடைத்துப் போனதிலிருந்து பூட்டிக் கிடந்த அறைக்கு அவரே பெயின்ட் அடித்தார். இனிமேல் பிரெஞ்சில் திட்டினால் தனக்கு ஒன்றும் புரியாது, அந்த வகையில் நிம்மதி என்று அவர் சொல்லிக்கொண்டார்.

எல்லாப் பாடமும் அவளுக்குத் தட்டுத் தடுமாறித்தான் ஏறியது, ஒன்றைத் தவிர. மரியாதைக்கு ‘வூ’ என்று சொல்ல வேண்டும். நம்முடைய ‘நீங்கள்’ மாதிரி. பின் பெஞ்சுக்காரர்கள் மேடத்தையே ‘தூ’ என்று கூப்பிட்டு வாங்கிக் கட்டிக்கொள்வார்கள். கண்ணாடி அக்கா ஒரு தரம்கூடத் தவறியதில்லை. மேடம் அவளை எழுப்பி நிறுத்தி, இவரைப் பார்த்துக் கற்றுக்கொள்ளுங்கள் என்று மற்றவர்களைக் கடிந்துகொண்டார்.

முதல் வீடியோ அழைப்புக்கு நாள் குறித்தார்கள். பக்கத்தில் உட்காரும் பெண் வாய் ஓயாமல் பேசுவதால் அவளுக்கு ரேடியோ என்று பெயர். அவள்தான் எச்சரித்தாள்.

“அக்கா, பாப்பாகிட்ட தூதான் சொல்லணும். வூன்னு சொன்னீங்கன்னா பேங்க் மேனேஜர்கிட்ட லோன் கேக்கற மாதிரி இருக்கும்.”

“அம்மா இல்லாத குழந்தை. அதப் பாத்து முதல் வார்த்தையே தூன்னு சொல்றதா? எனக்கு வாய் வராதுடி.”

“துப்பறது இல்லக்கா. அங்க அதுதான் பாசம்.”

“உனக்குப் புரியுது. என் காதுக்குப் புரியணுமே.”

காதைக் குற்றம் சொல்லிப் பயனில்லை. அவள் பிறந்த வீட்டு வழக்கம் அப்படி. அங்கே குழந்தைகளை ‘வாங்க, போங்க’ என்றுதான் கொஞ்சுவார்கள். எழுந்திருங்க கண்ணு, பால் குடிங்க ராஜாத்தி என்றுதான் அப்பா எழுப்புவார். கண்ணாடி டம்ளர் உடைந்தாலோ, பரீட்சையில் கோட்டைவிட்டாலோதான் ‘நீ இங்க வா’ என்று குரல் வரும். அந்த ‘நீ’யைக் கேட்டதும் அக்கா தங்கை இரண்டு பேரும் கதவுக்குப் பின்னால் போய் ஒளிந்துகொள்வார்கள். தன் மகளையும் அவள் அப்படியே ‘வாங்க, போங்க’ என்றுதான் வளர்த்தாள்.

இருந்தாலும் ரேடியோ சொன்னபடியே வசனங்களைத் ‘தூ’ போட்டு மனப்பாடம் செய்துகொண்டாள். ஞாயிற்றுக்கிழமை சாப்பாட்டு மேசையில் தண்ணீர் ஜாடிமேல் செல்போனைச் சாய்த்து வைத்து உட்கார்ந்தாள். திரையில் குழந்தை வந்தது. செத்துப்போனவளின் நெற்றி. அதே ஏறிய புருவம். மனப்பாடம் செய்ததெல்லாம் காற்றில் போயிற்று. வாயைத் திறந்தால் ‘வூ’ வந்தது. சாப்பிட்டீங்களா என்று கேட்டாள். பள்ளிக்கூடம் பிடிச்சிருக்கா, உங்களுக்குக் குளிருதா, உங்க ஃபிராக் அழகா இருக்கு என்று தப்பில்லாத பிரெஞ்சில் அடுக்கினாள். ஒவ்வொரு ‘வூ’வுக்கும் அவள் மனதுக்குள் குழந்தையின் கன்னத்தில் முத்தம் கொடுத்துக்கொண்டிருந்தாள்.

குழந்தை முதுகை நிமிர்த்தி, கைகளை மடியில் வைத்து, ‘வீ, மதாம்’, ‘நோன், மதாம்’, ‘மெர்சி, மதாம்’ என்று பதில் சொன்னது. ஆமாம், இல்லை, நன்றி. ஒவ்வொன்றோடும் ஒரு ‘அம்மையாரே’. என்ன அடக்கம் என்று இவள் பூரித்துப்போனாள். நல்லா வளர்த்திருக்காங்க என்று வீட்டுக்காரரும் தலையாட்டினார்.

இரண்டு நாள் கழித்து அதிகாரி கூப்பிட்டார். சங்கடத்தோடுதான் சொன்னார். அந்த அம்மா டாக்டரா, பள்ளிக்கூட ஆபீஸ்காரரா என்று குழந்தை கேட்டதாம். என் அம்மாவின் தங்கை என்றால் ஏன் யாரோ போலப் பேசுகிறார், என்னைப் பிடிக்கவில்லையா என்றும் கேட்டதாம். அந்த ஊரில் வீட்டுப் பிள்ளையை யாரும் ‘வூ’ போட்டுப் பேச மாட்டார்களாம். இன்னும் ஒரே ஒரு அழைப்பு இருக்கிறது, அதற்குப் பிறகு கேட்டுவிட வேண்டியதுதான் என்றார்.

மறுநாளே ரேடியோவைக் கல்லூரி கேன்டீனில் எதிரே உட்கார வைத்துப் பயிற்சி எடுத்தாள். தூ எப்படி இருக்கே, தூ என்ன விளையாடறே, தூ என்ன வரையறே. மூலையில் டீ ஆற்றிக்கொண்டிருந்தவர் கொஞ்ச நேரம் பொறுத்துப் பார்த்துவிட்டு, டீ அவ்வளவு மோசமாவா இருக்கு என்று கேட்டேவிட்டார். ரேடியோ விழுந்து விழுந்து சிரித்தாள். அக்காவுக்குச் சிரிப்பு வரவில்லை.

இரண்டாவது அழைப்பைக் கடையிலேயே வைத்துக்கொண்டாள். முதலாளியிடம் அனுமதி வாங்கி, கண் பரிசோதனை அறையில் எல்லா விளக்கையும் போட்டாள். பின்னால் ஆங்கில எழுத்துப் பலகை. மேலே பெரிய எழுத்து, கீழே போகப் போகச் சின்ன எழுத்து. குழந்தை திரையில் வந்ததும் அந்தப் பலகையைத்தான் பார்த்தது. கண்ணைச் சுருக்கிக்கொண்டு முதல் வரியைப் படித்தது. இரண்டாவது வரியையும் படித்துவிட்டுச் சிரித்தது. கீழ்வரிசைப் பல் ஒன்று விழுந்திருந்தது. கடவுளே, இது நடந்துவிடும் போலிருக்கிறதே என்று அவளுக்குத் தோன்றியது.

பிறகு அவள் பேச ஆரம்பித்தாள்.

‘தூ’ தவறாமல் வந்தது. உதட்டைக் குவித்தாள், நாக்கைத் தூக்கினாள், மேடம் சொன்னபடியே. ஆனால் செல்போன் திரையின் மூலையில் சின்னக் கட்டத்தில் அவள் முகமும் தெரிந்துகொண்டிருந்தது. ஒவ்வொரு ‘தூ’வுக்கும் அந்த முகத்தில் புருவம் நெரிந்தது. உதடு வெறுத்தாற்போல் முன்னே வந்தது. குரல் தடித்தது. யார் முகம் அது என்று அவளுக்கு உடனே தெரிந்துவிட்டது. டம்ளர் உடைந்த அன்றைய அப்பாவின் முகம். மென்மையாகச் சொல்லத்தான் பார்த்தாள். அந்தச் சொல்லுக்கு மென்மையான குரல் அவளிடம் எந்த நாளும் இருந்ததில்லை. தூ படிக்கிறாயா, தூ சாப்பிடுகிறாயா, தூ ஏன் பேசமாட்டேன் என்கிறாய்.

குழந்தையின் சிரிப்பு நின்றது. பக்கத்திலிருந்த அதிகாரியை அண்ணாந்து பார்த்தது. பிறகு மெதுவாகக் கேட்டது:

“வூஸெத் ஃபாஷே, மதாம்?”

வருஷம் முழுக்கப் படித்ததில், யாரும் நிறுத்தி நிதானமாகச் சொல்லாமல், மனதுக்குள் தமிழாக்கிப் பார்க்காமல், அவளுக்குச் சட்டென்று புரிந்த முதல் வாக்கியம் அதுதான். கோபமா இருக்கீங்களா?

“நோன், நோன்” என்றாள். அதற்கு மேல் என்ன சொல்வது? ஆசை, பிரியம், உயிர், எதற்கும் சொல் கிடைக்கவில்லை. பரீட்சைக்குப் படித்த வினைச்சொல் விகுதிகள்தான் வரிசையாக நாக்கில் வந்து நின்றன. கடைசியில் அவளையறியாமல் தமிழ் வந்துவிட்டது.

“இல்லீங்க கண்ணு... உங்க மேல கோபமே இல்லீங்க... சித்திங்க நான்...”

யாராவது மொழிபெயர்ப்பார்கள் என்று குழந்தை மரியாதையோடு காத்திருந்தது. யாரும் மொழிபெயர்க்கவில்லை. சற்று நேரம் கழித்து, போய் வருகிறேன் அம்மையாரே என்று அந்த ஊர் வழக்கப்படி சொல்லிவிட்டு எழுந்து போயிற்று. வெளியே வாடிக்கையாளர் ஒருவர் கதவைத் தட்டினார். அவள் முகத்தைத் துடைத்துக்கொண்டு விளக்கை அணைத்தாள். அவரை உட்கார வைத்து லென்ஸைப் போட்டு, “இது தெளிவா இருக்கா, முன்னாடி போட்டதா?” என்று கேட்டாள். இரண்டுமே மங்கலாத்தான் இருக்கு என்றார் அவர்.

அடுத்த வாரம் அதிகாரியின் அழைப்பு வந்தது. அவர் முழுக்கப் பிரெஞ்சிலேயே பேசினார். அவள் கேட்டுக்கொண்டாள், நன்றி சொன்னாள், போனை வைத்தாள். புது பெயின்ட் வாசனை அடிக்கும் அந்த அறை வாசலில் வீட்டுக்காரர் நின்றுகொண்டிருந்தார்.

“என்ன சொன்னாங்க?”

“நான் நல்லா முன்னேறியிருக்கேனாம்.”

“சரி. பாப்பா?”

“அவங்க அங்கேயே இருந்துக்கறாங்களாம்.”

அவர் அறைக்குள் எரிந்துகொண்டிருந்த விளக்கை அணைத்துக் கதவைச் சாத்தினார்.

பரீட்சைக்குப் போக வேண்டிய அவசியம் இனி அவளுக்கு இல்லை. ஆனால் ரேடியோ வந்து வாசலில் நின்றாள். அன்று மட்டும் ஒரு வார்த்தை பேசாமல் நின்றாள். அதனால் போனாள். வாய்மொழித் தேர்வுக்கு வேறு கல்லூரியிலிருந்து ஒரு பேராசிரியர் வந்திருந்தார். உங்கள் குடும்பத்தில் ஒருவரைப் பற்றிச் சொல்லுங்கள் என்று பிரெஞ்சில் கேட்டார்.

அவள் சொன்னாள். அவளுக்கு வயது ஏழு. அவளுக்கு அவள் அம்மாவின் நெற்றி. அவளுக்குக் கீழ்வரிசையில் ஒரு பல் விழுந்திருக்கிறது. அவள் எழுத்துக்களை நன்றாகப் படிக்கிறாள். பிரெஞ்சில் ‘அவள்’ என்பதற்கு ‘எல்’ என்று சொல்ல வேண்டும். இனிமேல் அந்தக் குழந்தையைப் பற்றிப் பேசலாம். குழந்தையிடம் பேச முடியாது. பற்றிப் பேசுவதற்குத் தூவும் வேண்டாம், வூவும் வேண்டாம். ‘எல்’ போதும். ‘எல்’ சொல்வதற்கு உதட்டைக் குவிக்க வேண்டியதில்லை, முகம் கோணுவதில்லை, தமிழ் வாய்க்கு அது மிகச் சுலபமாக வந்தது.

ஒரு பிழைகூட இல்லை என்று பேராசிரியர் பாராட்டினார். அவள் ‘வூ’ போட்டு அவருக்கு நன்றி சொன்னாள்.