ஒரே குத்து அக்கா

ரத்தப் பரிசோதனைக் கூடத்தில் அவளுக்கு ‘ஒரே குத்து அக்கா’ என்று பெயர். மற்றவர்கள் குத்திக் குத்திக் கிணறு வெட்டிய கையிலும், விரல் நுனியால் தடவி நரம்பைக் கண்டுபிடித்து, முதல் குத்திலேயே ரத்தம் எடுத்துவிடுவாள். இப்போது அவளுக்கு வந்த மார்புப் புற்றுக் கட்டிக்கு மருந்து ஏற்றி முடித்தாகிவிட்டது. உதிர்ந்த முடியும் முளைத்துவிட்டது. நாளை, திங்கட்கிழமை, வேலைக்குத் திரும்ப வேண்டும். அந்த மருந்தால் விரல் நுனிகள் மட்டும் இன்னும் மரத்துக் கிடந்தன. அதை அவள் கணவரிடம்கூடச் சொல்லவில்லை.

உண்மையில் விரல் மட்டுமா மரத்திருந்தது? “எல்லாம் சரியாயிடுச்சு” என்று மருத்துவர் சொன்னபோதும், பஸ் வந்துவிட்டது என்று யாரோ சொன்னதுபோல எழுந்து வந்தவள்தான்.

கணவருக்கு லிஃப்ட் பழுதுபார்க்கும் வேலை; பைத்தியம் கள்ளிச்செடி மேல். முயல் காது போல் நிற்கும் கள்ளி ஒன்று, வேர் முட்டித் தொட்டியையே பிளந்திருந்தது. அதை வேறு தொட்டிக்கு மாற்ற, பால்கனியில் பழைய பேப்பரை விரித்தார்.

“பேப்பரை நீளமா மடிச்சு, பெல்ட் மாதிரி சுத்திப் பிடிச்சுத் தூக்கணும். கை படக்கூடாது. பெரிய முள்ளுன்னா கண்ணுக்குத் தெரியும். இது பொடி முள்ளு. பூனை மாதிரி இருந்துக்கிட்டு புலி மாதிரி பாயும்.”

“உங்க சொந்தக்காரங்க மாதிரின்னு சொல்லுங்க.”

சிரித்துக்கொண்டே மணல் எடுக்க உள்ளே போனார். அவர் மடித்துக் கொடுத்த பேப்பரை அவள் கீழே வைத்தாள். ஒரு முள்ளாவது சுருக்கென்று குத்தட்டும், நாளைக்குத் தைரியமாகப் போகலாம் என்று நினைத்து, வெறுங்கையால் செடியைப் பிடித்துத் தூக்கினாள். புதுத் தொட்டியில் நிறுத்தினாள்.

சுருக்கென்று எதுவும் இல்லை. பழகிய கை, அதனால்தான் முள் படவில்லை என்று தன்னைத் தேற்றிக்கொண்டாள். முழுப் பூசணிக்காயைச் சோற்றில் மறைக்கிற கதைதான்.

அவர் வந்து, மணலும் சரளையும் கலந்து தொட்டியை நிரப்பினார். அவள் தண்ணீர்க் குவளையை எடுத்தாள்.

“ஐயையோ, இப்ப ஊத்தாத! வேர்க் காயம் ஆறட்டும். இல்லேன்னா அழுகிடும்” என்று குவளையை வாங்கினவர், அவள் விரல்களைப் பார்த்தார். நுனியெல்லாம் பொன் நிறத்தில் பொடி முட்கள்.

“என்னம்மா இது? எரியலையா?”

“லேசா எரியுது.”

முள் பிடுங்கும் சாமணத்தைக் கொண்டுவந்து, அவள் கையைத் தன் மடியில் வைத்துக்கொண்டார். அவள் தெருப் பக்கம் திரும்பிக்கொண்டாள். வலிக்கிறவர்கள் முகம் எப்படிப் போகும் என்று அவளைவிட யாருக்குத் தெரியும்? கண்ணைச் சுருக்கினாள். பல்லிடுக்கில் மூச்சை இழுத்தாள்.

“ஸ்ஸ்… மெதுவாங்க. வலிக்குது.”

திரும்பிப் பார்த்தாள். சாமணம் தரையில் கிடந்தது. அவர் இன்னும் மூக்குக் கண்ணாடியைத் துடைத்துக்கொண்டிருந்தார்.

“நான் இன்னும் எடுக்கவே ஆரம்பிக்கலையே.”

அவள் கையை இழுத்துக்கொள்ளவில்லை. அழுகை வரும் என்று காத்திருந்தாள். அதுவும் வரவில்லை.

“நாளைக்குப் போய்ச் சொல்லிடறேங்க. இந்தக் கையோட யாருக்கும் ஊசி குத்தக் கூடாது.”

அவர் கண்ணாடியை மாட்டிக்கொண்டு முதல் முள்ளை எடுத்தார். எடுத்துவிட்டார் என்பதை அவள் பார்த்துத்தான் தெரிந்துகொண்டாள்.