புதுப் புள்ளி இல்லாத ஆறு படங்கள்

பஸ் ஓட்டுகிற டிரைவரம்மாவுக்கு அன்றைக்கு டாக்டரிடம் கேட்க ஒரே ஒரு கேள்விதான் இருந்தது.

"ஆறு வருஷமா எனக்கு ஒண்ணுமே வரலை. இந்த மருந்தை நிறுத்திடலாமா?"

பக்கத்து நாற்காலியில் அவள் வீட்டுக்காரர்; நிறுத்தவே கூடாது என்பது அவர் கட்சி. வழியெல்லாம் இதற்காகத்தான் இரண்டு பேரும் மல்லுக்கட்டிக்கொண்டு வந்தார்கள்.

நோயின் முதல் தாக்குதல் அவள் வண்டி ஓட்டும்போதே வந்தது. இடது கண்ணில் புகை மூட்டம். வண்டியை ஓரங்கட்டி, "எல்லாரும் பார்த்து இறங்குங்க" என்று சொல்லி, கடைசி ஆள் இறங்கிய பிறகுதான் அழுதாள். பார்வை திரும்பியது. எட்டு மாதத்தில் வலது கால் மரத்தது. அடுத்த வருஷம் நடையே தள்ளாடியது. மல்டிபிள் ஸ்கிளீரோசிஸ் என்றார்கள். விட்டு விட்டுத் தாக்குகிற வகை. அப்போது தொடங்கியதுதான், ஆறு மாதத்துக்கு ஒரு தடவை கையில் ஊசி குத்தி ஏற்றுகிற மருந்து. ஒரு வருஷம் கழித்து, டாக்டர்கள் சரியென்ற பிறகு, மறுபடி ஸ்டியரிங்கைப் பிடித்தாள்.

டாக்டரம்மா கம்ப்யூட்டரைத் திருப்பினார். "இது உங்க மூளை. முதல் ஸ்கேன்."

சாம்பல் நிறத்தில் நான்கு வெள்ளைப் புள்ளிகள். அடுத்ததில் ஆறு. மூன்றாவதில் ஒன்பது.

"இனிமே வர்றதெல்லாம் மருந்து ஆரம்பிச்சப்புறம் எடுத்தது."

ஒன்பது. ஒன்பது. ஒன்பது. டிரைவரம்மா எழுந்துபோய் விரல் வைத்து எண்ணினாள். ஆறு படத்திலும் அதே ஒன்பது, அதே இடத்தில். உடம்பெல்லாம் புல்லரித்தது.

"உள்ளே இவ்வளவு வேலை நடந்திருக்கா? எனக்குத் தெரியவே இல்லையே!"

"உடம்பைக் காக்க வேண்டிய அணுக்களே ஆள் தெரியாம உங்க நரம்பைத் தாக்குதுங்க. மருந்து அதுல ஒரு கூட்டத்தைக் குறைச்சு வைக்குது. இந்த வெள்ளைப் புள்ளியெல்லாம் பழைய தழும்பு, அது போகாது. நிறுத்தினா திரும்ப வரலாம். தொடர்ந்தா கிருமி தொத்துற பயம் உண்டு, அதான் அடிக்கடி ரத்தம் பார்க்கறோம். முடிவு உங்களோடது."

வீட்டுக்காரர் தொண்டையைச் செருமினார். "உனக்கு மூளை இருக்குன்னு படம் போட்டே காட்டிட்டாங்க. இனிமே நான் என்னத்தைப் பேச?"

அவள் சிரித்தாள். சிரிக்கும்போதே கண் கலங்கியது.

அடுத்த வாரம் சாய்வு நாற்காலியில் படுத்து, குழாயில் மருந்து சொட்டுச் சொட்டாக இறங்குவதையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

"என்னக்கா, புதுசா பார்க்கற மாதிரி பார்க்கறீங்க?" என்றாள் நர்ஸ்.

"தண்ணி மாதிரிதானேம்மா இருக்கு!"