பிரிஜட்டின் இரண்டாவது ட்ரான்சிஸ்டர்

1971 ஆகஸ்டில் ஒரு ஞாயிற்றுக்கிழமை மாலை ஐந்தரை மணியிலிருந்து பிரிஜட்டின் குரல் அவள் தொண்டையில் இல்லை. அவள் அண்ணன் லாசரஸ் செய்த தகரப் பெட்டிக்குள் இருந்தது. சிராங்கூன் ரோட்டில் இது எல்லோருக்கும் தெரிந்த விஷயம். பெட்டி கிட்டாருக்காகச் செய்தது. காலால் மிதித்தால் கம்பியின் நாதம் கரகரவென்று தடித்து வரும். அந்நாளைய இளவட்டங்கள் அதற்கு உயிரை விட்டார்கள். டீ டான்ஸ் என்கிற ஞாயிறு மாலை நடனக் கூட்டம் ஒன்றில் பாட வந்த தங்கையின் மைக்கை லாசரஸ் அவசரத்தில் அந்தப் பெட்டியில் சொருகிவிட்டான். மூன்று பாட்டு அப்படியே ஓடியது, கைதட்டலுக்கும் குறைவில்லை. ஒயரைப் பிடுங்கியபோது குரல் உள்ளேயே தங்கிவிட்டது. டாக்டர்கள் டார்ச் அடித்துப் பார்த்துத் தொண்டை நன்றாக இருக்கிறது என்றார்கள். தொண்டையை யார் குறை சொன்னார்கள்?

அழுது முடித்த பிறகு பிழைப்பைப் பார்க்கத்தானே வேண்டும். சட்டைக் கழுத்தில் மைக்கைக் குத்திக்கொண்டு, பெட்டியையும் சின்ன ஸ்பீக்கரையும் தோள்பையில் போட்டுக்கொண்டு அவள் கேம்பல் லேன் புடவைக் கடைக்கு வேலைக்குப் போனாள். அவள் வாயசைத்தால் பெட்டி பேசும். கொஞ்சம் கரகரப்பு, அடியில் ஒரு வெதுவெதுப்பு. ஜூரோங் கப்பல் பட்டறையில் வெல்டராக இருந்த அருளானந்தம் ஒரு புடவை வாங்க வந்து, அந்தக் குரலைக் கேட்டுவிட்டு, அதே மாதத்தில் தன் அம்மாவுக்கென்று சொல்லி இன்னும் மூன்று புடவை வாங்கினான். அவன் அம்மா இறந்து இரண்டு வருஷம் ஆகியிருந்தது என்பது பின்னால்தான் தெரியவந்தது. ஏழு வருஷம் பழகினார்கள், இழுத்தார்கள், ஒருவழியாக 1979 ஜனவரி இரண்டாவது சனிக்கிழமை காலை எட்டு மணிக்குக் கோவிலில் கல்யாணம் என்று முடிவாயிற்று.

டிசம்பர் பிறந்ததும் குரல் தேயத் தொடங்கியது. வாக்கியத்தின் வால் காணாமல் போனது. புடவை விலை 'பத்து வெள்ளி' என்பாள், 'பத்து' மட்டும் வரும். லாசரஸ் மூடியைத் திறந்து பார்த்தான். உள்ளே இரண்டு ட்ரான்சிஸ்டர்கள், இரண்டும் பழைய ஜெர்மானியம் வகை. முதலாவது கல்லுக்குண்டு. இரண்டாவது ஓய்ந்துகொண்டிருந்தது. அந்த நம்பரைக் கம்பெனிக்காரன் நிறுத்தி வருஷங்கள் ஆகிவிட்டன. எப்படியாவது ஒன்றைத் தேடிப் பிடிப்பது லாசரஸின் பொறுப்பு. மைக்கைச் சொருகியவன் அவன்தானே.

ஃபாதரிடம் போய்ச் சொன்னார்கள். அவர் நல்ல மனிதர். வாக்குறுதி நேரத்தில் தலையசைத்தால் போதும், சபை ஏற்றுக்கொள்ளும் என்றார். பிரிஜட்டுக்கு அது போதவில்லை. மிச்சமிருந்த குரலையெல்லாம் கூட்டிச் சேர்த்து அண்ணனிடம் சொன்னாள்: "மண்டைய ஆட்டி வாங்க அது என்ன மீனா? என் வாயால சொல்லணும். இல்லன்னா கல்யாணம் வேணாம்ண்ணே."

முதலில் லாசரஸ் கடையில் சல்லிசாகக் கிடைத்த சிலிக்கான் ட்ரான்சிஸ்டர் ஒன்றைப் போட்டுப் பார்க்க நினைத்தான். பழையதைக் கழற்றும்போது அதன் கால் ஒன்று அடியோடு ஒடிந்தது. இனி அதைத் திருப்பிப் போட வழியில்லை. சிலிக்கானையே ஈயம் உருக்கிப் பற்றவைத்தான். பிரிஜட் வாய் திறந்து "அண்ணே" என்றாள். புக்கிட் மேராவில் அவர்கள் குடியிருந்த அடுக்குமாடி புளோக்கில் நாலு மாடிக்கும் கேட்டது, தகரத்தை ஆணியால் கீறிய மாதிரி. அவள் மைக்கைப் பிடுங்கி எறிந்துவிட்டு ஒரு நோட்டை எடுத்து எழுதினாள்: 'இது யாரு? நான் இல்ல.' அதன்பின் சரியானது கிடைக்கும்வரை அவள் மைக்கைத் தொடவில்லை, நோட்டில்தான் பேசினாள். அருளானந்தம் வந்து பக்கத்தில் உட்கார்ந்து நோட்டைப் படிப்பான், பதில் சொல்வான், போவான். அவன் முகத்தைப் பார்க்க லாசரஸால் முடியவில்லை.

சுங்கை ரோட்டில் உடைந்த ரேடியோ விற்கும் அஸ்மத் லாசரஸின் கதையைக் கேட்டுவிட்டு ஒரு டப்பாவைத் தூக்கிக் கொடுத்தார். "இருபத்திரெண்டு இருக்கு லா. எல்லாம் பழைய ரேடியோல கழட்டினது. எது உன் தங்கச்சின்னு நீதான் பாத்துக்கணும்." அவர் சொன்னது நியாயம். ஒரே நம்பர் அச்சடித்திருந்தாலும் ஜெர்மானியத்தில் ஒன்று போல் இன்னொன்று இருக்காது. ஒன்று ஐம்பது மடங்கு பெருக்கும், பக்கத்தில் இருப்பது நூற்றைம்பது. பிரிஜட்டின் குரலுக்கு நூற்றுப்பத்து வேண்டும். மீட்டர் வைத்து ஒவ்வொன்றாக அளக்காமல் முடியாது.

டப்பா வீட்டுக்கு வந்ததும் அம்மா அல்போன்சம்மாள் அதைக் கைப்பற்றிவிட்டாள். தொலைந்ததைக் கண்டெடுத்துத் தருகிற அந்தோனியாருக்கு ஒன்பது நாள் நவநாள் செபம் நேர்ந்துகொண்டு, ட்ரான்சிஸ்டர்களை வீட்டுப் பீடத்தில், எரிகிற விளக்கை ஒட்டி வைத்தாள். "நவநாள் முடியற வரைக்கும் அந்த எடத்த விட்டு எதுவும் நகரக் கூடாது. அளக்கறதுன்னா இங்கயே உக்காந்து அள." அம்மா சொன்னால் சொன்னதுதான். லாசரஸ் பீடத்தின்முன் மண்டியிட்டு, மீட்டரை மெழுகுவர்த்திகளுக்கு நடுவே வைத்து அளந்தான். பார்த்தவர்கள் பக்தி என்று நினைத்தார்கள். பதினேழாவது உருப்படி நூற்றுப்பத்து காட்டியது, மயிரிழை பிசகவில்லை. ஒன்பதாம் நாள் அங்கேயே பற்றவைத்தான். பிரிஜட் மைக்கைக் குத்திக்கொண்டு "அம்மா" என்றாள். அவள் குரல்! அல்போன்சம்மாள் ஓவென்று அழுதாள். லாசரஸும் அழுதான், ஆனால் அடுப்படிக்குப் போய். கல்யாணத்தன்று காலைவரை பெட்டி விளக்கடியிலேயே இருக்கட்டும் என்று அம்மா சொல்ல, யாரும் மறுக்கவில்லை.

அந்தச் சனிக்கிழமை விடியலிலிருந்தே மழை. ஜனவரி மழை, ஊரையே குளிரவைத்திருந்தது. பெட்டியைப் பையில் வைத்துக்கொண்டு டாக்ஸியில் வந்தார்கள். கோவில் நிறைந்திருந்தது. பூசை நடந்தது. அருளானந்தம் தன் வாக்குறுதியைத் தடுமாறாமல் சொன்னான். பிரிஜட் அவன் கையைப் பிடித்துக்கொண்டு வாயசைத்தாள். ஒன்றும் வரவில்லை. மறுபடி அசைத்தாள். கூரைமேல் மழை மட்டும் கேட்டது. ஃபாதர் மெல்லக் குனிந்து தலையை ஆட்டிக் காட்டினார். அவள் கண்ணில் நீர் முட்டிக்கொண்டு வந்தது, தலை மட்டும் அசையவில்லை. பின்வரிசையில் யாரோ இருமினார்கள். அருளானந்தம் அவள் கையை விடவில்லை. பெண் கையை உதறிக்கொண்டு வாசலைப் பார்த்து நடந்துவிடுவாள் என்றே முன்வரிசையில் இருந்தவர்கள் நினைத்தார்கள். நடந்திருப்பாள்.

லாசரஸ் எழுந்து ஓடினான். பலிபீடத்தின்முன் மண்டியிட்டு, அவள் காலடியிலிருந்த பெட்டியின் மூடியைத் திறந்தான். ஈயப்பற்று விட்டிருக்கிறதா என்று பதினேழாவதை இரண்டு விரலால் பிடித்து ஆட்டினான். ஸ்பீக்கரில் 'க்ர்ர்' என்று ஓர் உறுமல் எழுந்தது. அப்போதுதான் அந்த மடையனுக்கு உறைத்தது. ஜெர்மானியம் சூடுபட்டால் அதன் வழியாக மின்சாரம் கசியும், அந்தக் கசிவையும் மீட்டர் பெருக்கமாகத்தான் காட்டும். அவன் அளந்தது ட்ரான்சிஸ்டரை மட்டுமல்ல, அந்தோனியாரின் விளக்கையும் சேர்த்து. குளிர்ந்த நிலையில் இது எழுபதுகூடத் தேறாது.

"சூடு வேணும் பிரிஜட், இதப் புடிச்சாப் போதும்," என்றான். அவள் அவன் கையைத் தட்டிவிட்டாள். பெட்டியைத் தானே வாங்கி, மருதாணி போட்ட கட்டைவிரலை அதன்மேல் அழுத்திக்கொண்டு, மூன்றாம் முறை வாயசைத்தாள். முதல் வார்த்தைகள் உதட்டோடு போயின. 'உம்மை' என்பது ஈ பறக்கும் சத்தம் அளவுக்குக் கேட்டது. 'கணவராக' என்பது முதல் வரிசைக்கு எட்டியது. 'ஏற்றுக்கொள்கிறேன்' என்று அவள் முடித்தபோது கடைசித் தூணில் சாய்ந்து நின்றவர்களும் நிமிர்ந்தார்கள். கரகரப்பு, அடியில் அந்த வெதுவெதுப்பு. ஃபாதர் அடுத்த செபத்துக்குப் போனார்.

அதன்பின் அவள் பேசியதெல்லாம் அப்படித்தான். பேச நினைத்தால் கட்டைவிரலை வைத்து அரை நிமிஷம் அழுத்துவாள், பிறகுதான் குரல் வரும். புடவைக் கடை வாடிக்கையாளர்கள் பழகிக்கொண்டார்கள். வீட்டில் சண்டை வந்தால் அருளானந்தம் தன் பங்கைக் கத்தி முடித்துவிட்டு, நாற்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்து, அவள் விரல் சூடேறும்வரை காத்திருப்பான். புதுசாகக் குடிவந்தவர்கள்கூட இதைக் கேட்டு வாய் பிளக்கவில்லை.

1984இல் லாசரஸ் குளிரிலும் நூற்றுப்பத்து காட்டும் ஒன்றைத் தேடிப் பிடித்துவிட்டான். ஐஸ் தண்ணீர் டம்ளர்மேல் சாய்த்துவைத்தும் அளந்து பார்த்திருந்தான். தங்கை வீட்டு மேஜையில் அதை வைத்து, "போட்டா ஒடனே பேசலாம், கையே வைக்க வேணாம்," என்றான். பிரிஜட் அதைப் பார்த்தாள். கட்டைவிரலை அழுத்தினாள். அண்ணனும் புருஷனும் உட்கார்ந்து காத்திருந்தார்கள்.

"வேணாம்ண்ணே," என்றாள். "இப்ப நான் வாயத் தொறக்கறதுக்கு முந்தியே எல்லாரும் கேக்க உக்காந்துர்றாங்க."

லாசரஸ் அதை வேறு யாருடைய கிட்டார் பெட்டியிலோ பற்றவைத்துவிட்டான்.