மிளகாய் அறைக் காவல்

வீரபத்திரன் வீட்டில் யாருக்கும் நோய் வராது. வந்தால் அது கண்ணேறு.

முதுகுளத்தூருக்குத் தெற்கே பெரிய மிளகாய்க் காடு வைத்திருந்த மனிதர். அவர் வீட்டில் டி.பி. என்று பேச்சுக் கிளம்பினால் மூத்த மகள் கல்யாணம் என்னாவது? அதனால் இளையவள், ஒன்பது வயதுப் பூமயில், இருமத் தொடங்கியதும் டாக்டரைத் தேடவில்லை. பின்கட்டில் மிளகாய் மூட்டை அடுக்கிய அறையில் கட்டிலைப் போட்டார். ஜன்னலைச் சாத்தினார்.

"மிளகா இருக்கிற எடத்துல காத்து கருப்பு அண்டாது!"

கைக்குழந்தையிலிருந்தே கைகால் குடைச்சல், மஞ்சள் பாய்ந்த கண் என்று அவதிப்படும் பிள்ளை. அதுவும் கண்ணேறுதான்.

அந்த வருஷம் களத்தில் காய்ந்த வத்தலை மழை பிடித்துக்கொண்டது. நனைந்தது மூட்டைக்குள் புழுங்கி, சாம்பலாய்ப் பூசணம் பூத்தது. விற்காது, வீசவும் மனசில்லை. கண்ணேறு கழிக்கவாவது ஆகட்டும் என்று தினமும் அந்தியில் மூட்டையை உதறி ஒரு கை மடியில் அள்ளுவார். தூசி அறையெல்லாம் பறக்கும். மகளைச் சுற்றி அடுப்பில் போடுவார். கெட்ட வத்தலில் நெடி ஏது?

"பாத்தியா உமையா, நெடியே வரல! அம்புட்டும் கண்ணு!"

மறுநாள் இரண்டு கை அள்ளினார்.

சளியில் ரத்தம் வந்த அன்று மனைவி உமையாள் மகளைத் தூக்கிக்கொண்டு மதுரை பஸ் ஏறிவிட்டாள். வீரபத்திரனின் கௌரவமும் பின்னாலேயே ஓடிவந்து பக்கத்து சீட்டில் உட்கார்ந்தது.

ஆஸ்பத்திரியில் சோதனைகள் முடிந்ததும் டாக்டரம்மாள் சொன்னாள்: "டி.பி. இல்லை."

வீரபத்திரன் மீசையைத் தடவினார். "நான்தான் சொன்னேனே!"

"ரத்த அணு கதிரறுவாள் மாதிரி வளைஞ்சிருக்கு. பிறவிக் கோளாறு. கைகால் வலி அதனாலதான். இப்படிப் பிள்ளைகளுக்கு நோயை எதிர்க்கிற தெம்பும் கம்மி. இப்ப நுரையீரல்ல பூசணம் வளருது. எங்க படுக்க வச்சிருந்தீங்க?"

"பத்திரமாத்தான், டாக்டரம்மா. மிளகா அறையில."

"நல்ல மிளகாயா?"

"இல்ல... நனஞ்சது."

"நல்லதை ஊருக்கு வித்துட்டு, பூசணத்தைப் பெத்த பிள்ளைக்குக் குடுத்தீங்களாக்கும்!"

உமையாள் குறுக்கிட்டாள். "பொழச்சுக்குவாளா?"

"ரத்தத்தை மாத்த முடியாது. மூச்சைக் காப்பாத்தப் பார்க்கலாம். மெட்ராஸ்லேருந்து மருந்து வரணும். மாசக்கணக்கா இங்கயே இருக்கணும்."

"மாசக்கணக்காவா?" வீரபத்திரன் பதறினார். "ஊருல கேட்டா என்னத்தச் சொல்ல? உமையா, பிள்ளையத் தூக்கு. மருந்தை வீட்டுல குடுத்துக்குவோம்."

உமையாள் மகளின் தலைமாட்டைவிட்டு அசையவில்லை.

"நீங்க கிளம்புங்க. பிள்ளை வரமாட்டா."

"ஏய், ஊரு என்ன பேசும்?"

"அங்கன மிளகா அறை காலியாத்தான கெடக்கு? கதவைச் சாத்திட்டுப் படுத்துக்கங்க. எந்த ஊர்ப் பேச்சும் அண்டாது."

பூமயிலுக்குச் சிரிப்பு வந்தது. கூடவே இருமலும். வீரபத்திரனின் கை பழக்கத்தில் மடியைத் துழாவியது, மிளகாய் இல்லை.

நர்ஸ் வந்து ஜன்னலை அகலத் திறந்துவிட்டாள்.