இரண்டு பக்க ஒப்பீடு

வெள்ளிக்கிழமைக்குள் இரண்டு பக்கம் எழுதித் தரவேண்டும் என்று நிர்வாக அதிகாரி சொல்லிவிட்டார். மருத்துவமனைக் கணினிகளின் அன்றாட வேலைகளைத் தானாகச் செய்யும் ஸ்கிரிப்ட்களை எழுத ஷெல் என்ற கணினி மொழி நல்லதா, பைத்தான் நல்லதா என்று ஒப்பிட வேண்டுமாம். எந்தக் கூட்டத்தில் எவர் சொன்னதைக் கேட்டுவிட்டு வந்தாரோ. ஒன்பது வருடமாக வாய் திறக்காமல் ஓடிக்கொண்டிருக்கும் என் ஷெல் ஸ்கிரிப்டுக்கு இப்போது என்ன வந்துவிட்டது?

அது செய்வது ஒரே வேலை. ஸ்கேன் அறையிலிருந்து படங்கள் வந்து விழும் வரவு ஃபோல்டரைத் தினமும் திறக்கும். ஒவ்வொரு படத்தையும் காப்பகத்தில் நகலெடுத்து, நோயாளியின் பெயரைத் தேடல் பட்டியலில் சேர்த்துவிட்டு, வரவில் கிடப்பதை அழித்துவிடும். மொத்தம் முப்பது வரி. அதை எழுதிய நானே திறந்து பார்த்து நாலு வருடம் இருக்கும். வரவு டிஸ்கில் இடம் போதவில்லை என்று மட்டும் வருடம் தவறாமல் சண்டை போட்டுக்கொண்டிருந்தேன்.

பைத்தானுக்கு வக்காலத்து வாங்க வந்தவள் என் நாத்தனார். ஒரே வீடு, ஒரே அலுவலக அறை. நடுவில் ஒரு பிரிண்டர் இருப்பதால் பிழைத்தோம்.

“நீங்க எழுதினதை ஆறு மாசம் கழிச்சு உங்களாலயே படிக்க முடியாது அண்ணி.”

“என்னால முடியும். உன் பைத்தானை முதல்ல இன்ஸ்டால் பண்ணணும், எந்த வெர்ஷன்னு பார்க்கணும், நாலு லைப்ரரி சேர்க்கணும். ஷெல் நம்ம சர்வர் எல்லாத்துலயும் ஏற்கெனவே இருக்கு.”

“தப்பு நடந்தா பைத்தான் அங்கேயே நின்னு சொல்லும். உங்களோடது கண்டுக்காம அடுத்த வரிக்குப் போயிடும்.”

“நானும் அப்படித்தான் போயிட்டிருக்கேன். இல்லன்னா வீட்டுல உலை கொதிக்குமா?”

சாப்பாட்டு மேஜையிலும் இதே ராமாயணம்தான். திங்கட்கிழமை என் கணவர் தட்டைத் தூக்கிக்கொண்டு அடுத்த அறைக்கே போய்விட்டார்.

செவ்வாய் காலை, பழைய படம் கேட்டு அலைந்துகொண்டிருந்த ஓர் அம்மா மறுபடி வந்தார். மூன்றாவது தடவை. நாலு வருடத்துக்கு முன் இங்கே எடுத்த நெஞ்சு ஸ்கேன் வேண்டும். புதிய படத்தில் நுரையீரலில் ஒரு புள்ளி தெரிகிறது. பழைய படத்திலும் அது அதே அளவில் இருந்தால் விட்டுவிடலாம். பழைய படம் இல்லையென்றால் வரும் திங்கட்கிழமை அறுவை என்று டாக்டர் சொல்லியிருக்கிறார். ரசீது, ஃபிலிம் எல்லாம் வீடு மாறியபோது போய்விட்டதாம். பட்டியலில் தேடினேன். பெயர் இல்லை.

“வேற எங்கயாவது எடுத்திருப்பீங்கம்மா. நல்லா யோசிச்சுப் பாருங்க.”

“இங்கதாம்மா எடுத்தேன்.”

“எடுத்திருந்தா பட்டியல்ல இருக்கும். இல்லையே.”

எனக்கு அலுப்பு. குரலில் அது தெரிந்திருக்கும். அவர் பையை மடித்துக் கக்கத்தில் வைத்துக்கொண்டு போனார்.

வியாழன் மதியம் வரவு ஃபோல்டரை இரண்டு பிரதி எடுத்து, ஒன்றில் என் ஸ்கிரிப்டையும் மற்றதில் நாத்தனாருடையதையும் ஓடவிட்டோம். என்னுடையது அறுபத்தொரு படங்களைக் காப்பகத்துக்கு அனுப்பியது. அவளுடையது நூற்று நான்கு.

“உன் பைத்தானுக்கு எண்ணக்கூட வரலையே,” என்றேன்.

அவள் திரையை என் பக்கம் திருப்பினாள். கூடுதலாக இருந்த நாற்பத்து மூன்றும் நாலு வருடத்துக்கு முந்தைய ஒரே இரு வாரத்துப் படங்கள். படங்களுக்குப் பெயர் வைக்கும்போது பெயரையும் இனிஷியலையும் கீழ்க்கோடு போட்டு இணைப்பது எங்கள் வழக்கம். அந்த இரண்டு வாரம் ஸ்கேன் அறைக் குமாஸ்தா விடுப்பில் போக, பதிலுக்கு வந்தவர் கோடு போடாமல் இடம் விட்டிருக்கிறார். என் ஸ்கிரிப்ட் இடைவெளியைக் கண்டால் பெயர் முடிந்துவிட்டது என்று நினைத்துக்கொள்ளும். ஒரு படத்தை இரண்டு அரைப் பெயர்களாகத் தேடியது, இரண்டும் கிடைக்காமல் நகலெடுக்காமலும் பட்டியலில் சேர்க்காமலும் தாண்டிப் போனது. அதே காரணத்தால் அழிக்கவும் முடியவில்லை. நாலு வருடமாக அவை அங்கேயே கிடந்து டிஸ்கை அடைத்துக்கொண்டிருந்திருக்கின்றன.

“தினமும் எர்ரர் வந்திருக்கணுமே அண்ணி?”

வந்தது. என் ஸ்கிரிப்டின் கடைசி வரியைக் காட்டினேன். பிழைச் செய்தி எதுவானாலும் வெளியே காட்டாமல் விழுங்கிவிடு என்ற கட்டளை. பக்கத்தில் தேதி, அதே மாதம். அதற்குக் கீழே என் குறிப்பு: ‘தினமும் தொணதொணப்பு. வாயை மூடியாயிற்று.’

மானம் போயிற்று. நாத்தனார் குத்திக்காட்டியிருந்தால் திருப்பிக் கொடுத்திருப்பேன். அவளோ பட்டியலைக் கீழே நகர்த்தினாள். ஒன்பதாவது பெயர் அந்த அம்மாவுடையது.

படத்தை எடுத்துக்கொண்டு நானே மாடியேறினேன். டாக்டர் இரண்டையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்து அளந்தார். ஒரு மில்லிமீட்டர்கூட வளரவில்லை. கீழே வந்து அந்த அம்மாவுக்குப் போன் செய்தேன்.

“திங்கட்கிழமை ஆபரேஷன் வேண்டாம்னு டாக்டர் சொல்லச் சொன்னாரும்மா. பழைய படம் கிடைச்சிடுச்சு. நீங்க இங்கதான் எடுத்திருக்கீங்க. தப்பு என்னோடது.”

திட்டப்போகிறார் என்று காத்திருந்தேன்.

“இங்கதான்னு எனக்குத் தெரியுமேம்மா,” என்றார், கோபமே இல்லாமல். “அந்த மெஷின்ல படுத்திருந்தது நான்தானே.”

போனை வைத்தேன். அறிக்கைக்கு இரண்டு பக்கம் தேவைப்படவில்லை, நாலு வரியில் முடித்துவிட்டேன். நாத்தனார் நாற்காலியை இழுத்துப் போட்டுக்கொண்டு போன் செய்யப் பட்டியலில் பாதியை எடுத்துக்கொண்டாள். இன்னும் நாற்பத்திரண்டு பேர். அவர்களில் எத்தனை பேரிடம் வேறு எங்காவது எடுத்திருப்பீர்கள் என்று சொல்லி அனுப்பினேனோ, எனக்கு ஞாபகம் இல்லை.