விரலில் நின்ற தெளிவு

படத்தை எடுத்தவர் யாரென்று விமர்சனம் முடியும்வரை சொல்லக் கூடாது. முடிந்ததும் அவரே எழுந்து பெயர் சொல்ல வேண்டும். திருவனந்தபுரத்துப் புகைப்படச் சங்கத்தில் இது யோசுவா கொண்டுவந்த வழக்கம். பெயர் தெரிந்துவிட்டால் நாக்கு வளைந்துவிடும் என்பார்.

தொண்ணூற்றேழில் ஓணம் கழிந்த ஒரு ஞாயிற்றுக்கிழமை, அவர் இறந்தபின் முதன்முறையாக, அவர் மனைவி லீலாபாய் டீச்சர் சங்கத்துக்கு வந்தாள். யாரும் கவனிக்காதபோது புரொஜெக்டர் தட்டில் ஒரு ஸ்லைடைச் சேர்த்துவிட்டுக் கடைசி நாற்காலியில் உட்கார்ந்தாள். யோசுவா கழுவக் கொடுத்திருந்த கடைசி பிலிம் சுருளில் இருந்தது அது. அவர் போன பிறகுதான் தபாலில் வந்தது.

யோசுவா பூக்களிடமும் பூச்சிகளிடமும் மிக நெருங்கிப் போய்ப் படமெடுப்பவர். காற்றில் தண்டு ஆடாமல் பிடித்துக்கொள்வது லீலாபாயின் வேலை. நிழல் விழக் கூடாதென்று அவள் முகத்தை வேறு பக்கம் திருப்பிக்கொள்வாள். தப்பி விரல் உள்ளே வந்துவிட்டால் அந்த ஸ்லைடு குப்பைக்குப் போகும். இத்தனை வருடப் படங்களில் அவள் எங்கும் இல்லை. இந்த ஒன்றில் இருந்தாள். பட்டாம்பூச்சி மங்கல், விரல் மட்டும் தெளிவு. வேண்டுமென்றே விரலைப் பார்த்தா எடுத்தார்? அவளுக்குத் தெரிய வேண்டியது அவ்வளவுதான். நேரில் கேட்டால் எல்லோரும் ஆமாம் என்பார்கள். அதனால்தான் சொல்லாமல் வைத்தாள்.

விளக்கு அணைந்தது. சில படங்களுக்குப் பிறகு அவள் விரல் திரையில் ஆள் உயரத்துக்கு நின்றது. நகத்தில் நெடுக்காக ஓடும் பிளவு, நகக்கண்ணில் மஞ்சள்.

"சாரே, பூச்சியைக் காட்டிலும் விரல் ஷார்ப்பு," என்றான் ஷிபின். "நெயில்பாலிஷ் கம்பெனிக்கு அனுப்பலாம் கேட்டோ."

சிரித்தார்கள். லீலாபாய் கையை முந்தானைக்குள் இழுத்துக்கொண்டாள்.

வலியசாலை சேஷன் எழுந்து திரையருகே போனார். யோசுவாவின் நெடுநாள் நண்பர். சங்கத்தில் எல்லோரும் பயப்படுவது அவருடைய வாய்க்குத்தான்.

"சிரிக்க என்ன இருக்கு? இத்தனை கிட்டத்துல போனா தெளிவு ஒரு நூல் அளவுதான் கிடைக்கும். அது பூச்சியோட கண்ணுல நிக்கணும். இங்க பின்னாடி இருக்கற விரல்ல போய் நின்னுடுத்து."

"வேணும்னே விரல்ல வச்சிருந்தா?" என்றான் ஷிபின்.

லீலாபாய் நிமிர்ந்தாள்.

சேஷன் இன்னும் நெருங்கிப் படத்தின் ஓரங்களைப் பார்த்தார்.

"இல்லேடா. விரல்தான் வேணும்னா ஓரத்துல பாதி வெட்டுப்பட வைப்பானா? பூச்சியைத்தான் நடுவுல வச்சிருக்கான். அமுக்கற நேரத்துல உடம்பு முன்னாடி சாஞ்சுடுத்து. பின்னாடி ஓடைத் தண்ணி சரிஞ்சு நிக்கறது, பாரு. மூச்சைப் பிடிச்சுண்டு நிக்க முடியலை. எடுத்தவனுக்கு அன்னிக்கு உடம்பு சரியில்லை, கேட்டியா."

அது போனக்காட்டு மலையோடை. அன்று மலையிறங்கி வரும்போது யோசுவா பாறைகளில் உட்கார்ந்து உட்கார்ந்து வந்தார். புதுச் செருப்பு கடிக்கிறது என்றார். மாப்பிள்ளைக்குக் காலு நோவுது, பல்லக்கு கொண்டு வரட்டா என்று பஸ் நிற்கும் இடம்வரை கேலி செய்தாள். அவரும் சிரித்தார். அந்த மழைக்காலம் முடிவதற்குள் இதயம் நின்றுவிட்டது.

விளக்கு எரிந்தது.

"யாரோடது?" என்றார் சேஷன்.

லீலாபாய் எழுந்தாள். "என்னோடதுதான் சார்."

அவர் முகம் இளகியது. "நீங்களா? பரவாயில்லை. அடுத்த தடவை மூச்சைப் பிடிச்சுண்டு அமுக்குங்கோ. யோசுவா சொல்லித் தரலையா?"

"அப்பம் அந்த விரல் யாருக்கதாக்கும் டீச்சரே?" ஷிபின் சும்மாதான் கேட்டான்.

அவள் முன்னால் வந்து ஸ்லைடுக்குக் கை நீட்டினாள். சேஷன் அவள் நகத்தில் அதே பிளவைப் பார்த்தார். ஸ்லைடை எடுத்துக் கொடுக்க வந்த கை பாதியில் நின்றது.

"லீலா... நான் சரியாப் பாக்கலை. இன்னொரு தரம் போட்டுப் பாத்தா..."

"வேண்டாம் சார். அவரு இருந்தாலும் இதைத்தான் சொல்லியிருப்பாரு."

புரொஜெக்டர் விளக்கின் சூடு ஸ்லைடில் இன்னும் இருந்தது. அவள் அதை உள்ளங்கையில் மூடிக்கொண்டாள். படி இறங்கித் தெருவுக்கு வருவதற்குள் அது ஆறிவிட்டது.